பல வருடம் கழித்துத் திருவிருந்துக்குத் திரும்புகிறவர்களுக்கு: கொங்கு நாட்டுச் சபைகளில் செய்ய வேண்டியவை

சர்ச்சுக்குப் போவதை நீங்கள் விடவில்லை. ஆனால் திருவிருந்து ஞாயிறு வந்தால் அப்பமும் ரசமும் வாங்கப் பந்திக்கு எழுந்து போவதில்லை. பாட்டு, பிரசங்கம், காணிக்கை எல்லாம் ஆனதும் வெளியே வந்து வண்டியை எடுத்துவிடுகிறீர்கள், இல்லையென்றால் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்துகொள்கிறீர்கள். இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான். திருப்பூர், கோவை, ஈரோடு பக்கம் வேலைக்கு வந்து, ஊர்ச் சபையோடு தொடர்பு விட்டுப்போய், இங்கேயும் எந்தச் சபையிலும் பெயர் இல்லாமல் இருப்பவர்களுக்கும் இது உதவும்.

எனக்கு ஞானஸ்நானமும், பேராயர் கைவைத்து ஜெபிக்கும் திடப்படுத்தலும் தாராபுரம் பக்கத்துக் கிராமச் சபையில். பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் வந்த பிறகு பல வருடம் பந்திக்குப் போகவில்லை. திரும்பப் போக முடிவெடுத்த பின்பும் சில மாதங்கள் இழுத்தது. பாதிக் காலம் காகிதம் தேடுவதில் போனது, மீதி 'எனக்குத் தகுதி இருக்கிறதா' என்ற கேள்வியில் போனது. இந்த இரண்டையும் முதல் நாளிலேயே தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். காகிதம் சபைப் பதிவேட்டுக்கு. கிருபைக்குக் காகிதமும் இல்லை, கட்டணமும் இல்லை. பதிவேட்டு வேலை முடியும்வரை கிருபை காத்திருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எனக்கு நன்றாகத் தெரிந்தது தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) நடைமுறை, அதனால் அதையே விரிவாக எழுதுகிறேன். ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் ஏற்கெனவே ஆனவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் போதும். திடப்படுத்தல் ஆகாதவர்களுக்கு அதிகம் ஆகும், காரணம் கீழே இருக்கிறது.

1. எந்தச் சபை என்று முடிவு செய்யுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி, சேலம் எல்லாம் சி.எஸ்.ஐ.யின் கோவைத் திருமண்டலத்துக்குள் (ஒரு பேராயரின் பொறுப்பில் உள்ள பகுதி) வருகின்றன. ஊர்ச் சபையும் இதற்குள்ளேயே இருந்தால் மாற்றம் சுலபம். திருநெல்வேலி, நாகர்கோவில், மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் அந்தந்தத் திருமண்டலச் சபையிலிருந்து கடிதம் வாங்க வேண்டியிருக்கும்.

ஈரோட்டில் பிரப் நினைவு ஆலயம், கோவை உப்பிலிபாளையத்தில் இம்மானுவேல் ஆலயம் மாதிரிப் பெரிய சபைகளில் கூட்டத்தில் கரைந்து உட்காரலாம். சிலருக்கு ஆரம்பத்தில் அது தேவைப்படும். என்னைக் கேட்டால், வீட்டிலிருந்து நடந்தோ ஒரே பஸ்ஸிலோ போகக்கூடிய சின்னச் சபைதான் நல்லது. இரண்டு வாரம் நீங்கள் வராவிட்டால் யாராவது கேட்க வேண்டும், அது பெரிய சபையில் நடப்பது கடினம். ஆராதனை நேரத்தையும் உங்கள் ஷிப்டையும் ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்டர் நெருக்கடியில் ஞாயிறும் அரைநாள் வேலை வைக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. அப்படியென்றால் அதிகாலை ஆராதனையோ மாலை ஆராதனையோ உள்ள சபையைப் பாருங்கள்.

பல சபைகளில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. எல்லா இடத்திலும் அப்படியில்லை, அறிவிப்புப் பலகையைப் பாருங்கள்.

கத்தோலிக்கராக இருந்தால் வழி வேறு. சாவான பாவம் இருக்கிறதென்று மனம் சொன்னால் நற்கருணை வாங்குமுன் ஒப்புரவு அருட்சாதனம், அதாவது குருவிடம் பாவ அறிக்கை, செய்ய வேண்டும். சொந்தப் பங்குக் குருவிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் வேறு கோவிலில் செய்யலாம், தடையில்லை. கோவைப் பெரியகடை வீதி மிக்கேல் பேராலயத்துக்கோ கருமத்தம்பட்டி செபமாலை மாதா பசிலிக்காவுக்கோ போனால் உங்கள் முகம் யாருக்கும் தெரியாது. அங்கே சொன்னது எந்தக் காரணத்துக்காகவும் வெளியே வராது, அது திருச்சபைச் சட்டம். பெந்தெகொஸ்தே சபைகளில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கு மட்டும் பந்தி என்ற ஒழுங்கு பல இடங்களில் உண்டு, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

2. காகிதங்களைச் சேருங்கள்

தேவைப்படுபவை: ஞானஸ்நானச் சான்று, திடப்படுத்தல் சான்று, பழைய சபையின் மாற்றுக் கடிதம், திருமணமானவர்கள் என்றால் திருமணச் சான்று, முகவரிக்கு ஆதார் நகல், குடும்பமாகச் சேர்ந்தால் எல்லோருடைய பெயரும் பிறந்த தேதியும் எழுதிய ஒரு தாள். இரண்டு பாஸ்போர்ட் அளவு போட்டோவும் கையில் இருக்கட்டும்.

ஞானஸ்நானச் சான்று தொலைந்திருந்தால் கவலை வேண்டாம், பதிவேடு இருக்கும். ஆனால் எங்கே இருக்கும் என்பதில்தான் பலர் அலைகிறார்கள். கிராமத்துச் சின்ன ஆலயத்தில் பதிவேடு வைப்பதில்லை. அந்தக் கிராமம் எந்தக் குருசேகரத்தைச் (ஒரே ஆயரின் பொறுப்பில் உள்ள சபைகள்) சேர்ந்ததோ, அதன் தலைமை ஆலயத்தில்தான் இருக்கும். குருசேகரம் இடையில் பிரிந்திருந்தால் பழைய புத்தகம் பழைய இடத்திலேயே இருந்துவிடும். எனக்கு அப்படித்தான். புதுச் சபை அலுவலகம் "எங்ககிட்ட இல்லீங்க" என்றது, பழையது "அது பிரிஞ்சு போயிருச்சுங்களே" என்றது. போகும் முன் ஊரில் வயதான ஒருவரைக் கூப்பிட்டு, "நம்மூரு அப்ப எந்த ஐயாவோட பொறுப்புல இருந்துச்சுங்க?" என்று கேட்டு வைத்துக்கொண்டால் ஒரு நாள் மிச்சம்.

பதிவேட்டில் தேடுகிறவருக்கு ஞானஸ்நானப் பெயர், பெற்றோர் பெயர், தோராயமான வருடம் மூன்றும் வேண்டும். வருடம் தெரியாவிட்டால் நீங்கள் பிறந்த வருடத்திலிருந்து மூன்று வருடம் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்துப் பெயரை மட்டும் சொன்னால் கிடைக்காது. சான்றுக்கு நான் 200 ரூபாய் கொடுத்தேன். சபைக்குச் சபை தொகை மாறும், எவ்வளவானாலும் ரசீது வாங்குங்கள். ரசீது தர மாட்டேன் என்றால் சபைப் போதகரான ஆயரிடமே நேரில் கேளுங்கள்.

பெயர் விஷயத்தில் இன்னொரு பயம் இருக்கிறது. இதைப் பற்றி யாரும் வெளியே பேசுவதில்லை. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களுக்கும் பிற்பாடு சீக்கியருக்கும் பௌத்தருக்கும் மட்டுமே பட்டியல் சாதி உரிமையைத் தருகிறது. தமிழ்நாட்டில் அந்தச் சமூகங்களிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பி.சி. (பிற்படுத்தப்பட்டோர்) பட்டியலில் வருகிறார்கள். அதனால் எத்தனையோ வீடுகளில் பள்ளிச் சான்றில் ஒரு பெயர், சர்ச்சில் ஒரு பெயர். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் பிள்ளையின் சாதிச் சான்றுக்கு என்ன ஆகுமோ என்று பயந்தே பலர் பந்திக்கு வெளியே நிற்கிறார்கள். அந்த ஆணை நம் மக்களுக்குச் செய்வது அநியாயம் என்பதே என் எண்ணம். அந்தப் பயத்துக்காக உங்களை நீங்களே பெரிய பாவியாக்கிக்கொள்ளாதீர்கள். அதே நேரம் எந்தப் படிவத்திலும் பொய் எழுதாதீர்கள். கையெழுத்துக்கு முன் விவரம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேளுங்கள், ஆயரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். உங்களுக்கு முன்பே பலர் அவரிடம் இதைச் சொல்லியிருப்பார்கள்.

திடப்படுத்தல் ஆகவில்லையென்றால் வகுப்பு உண்டு. வயதானவர்களுக்கும் நடத்துவார்கள், பதினைந்து வயதுப் பிள்ளைகளோடு உட்காரக் கூச்சமாக இருந்தால் தனியாகக் கேளுங்கள். பேராயர் வந்து கைவைத்து ஜெபிக்கும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும். பல சபைகளில் அது வருடத்தில் ஒரு முறைதான், ஆகவே தேதியை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

3. சந்தா பாக்கியை பாவக் கணக்கில் சேர்க்காதீர்கள்

பழைய சபையில் வருடக்கணக்கில் சந்தா கட்டியிருக்க மாட்டீர்கள். மாற்றுக் கடிதம் கேட்டால் "பாக்கியைக் கட்டிட்டு வாங்க" என்பார்கள். முடிந்தால் கட்டுங்கள். சபைக்கு வெள்ளையடிப்பதும் கரண்டு பில் கட்டுவதும் அந்தக் காசில்தான். முடியாவிட்டால் ஆயருக்கு ஒரு கடிதம் எழுதி, எவ்வளவு முடியும் என்று சொல்லித் தள்ளுபடி கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

சந்தா என்பது சபை வாக்காளர் பட்டியலுக்கும் நிர்வாகத்துக்கும் உள்ள கணக்கு. வாக்குரிமை தள்ளிப்போகலாம். பாக்கி இருப்பதால் கர்த்தருடைய பந்தி மூடப்பட்டிருக்கிறது என்று எந்தக் குமாஸ்தா சொன்னாலும் ஏற்காதீர்கள். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்று எபேசியர் 2:8 சொல்கிறது, அந்த வசனத்தில் ரசீதுப் புத்தகம் இல்லை.

4. ஆயரைப் போய்ப் பாருங்கள்

ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு போகாதீர்கள். அப்போது வாசலில் ஒரு கூட்டம் நிற்கும், கமிட்டிக்காரர்கள் பில்லோடு நிற்பார்கள். போன் செய்து, வாரநாளில் ஒரு சாயங்காலம் நேரம் வாங்குங்கள். தயங்கி நிற்கிறவர்களுக்காக, என்ன பேசலாம் என்பதையும் எழுதிவிடுகிறேன்:

"ஸ்தோத்திரமுங்கய்யா. எனக்குத் திடப்படுத்தல் ஆயிருச்சுங்க, ஆனா வருசக்கணக்கா திருவிருந்து எடுக்கலீங்க. திரும்ப எடுக்கோணும்னு இருக்கறனுங்க. ஒரு அரைமணி நேரம் உங்ககிட்டப் பேசோணுமுங்கய்யா."

இவ்வளவு போதும். நான் பார்த்த ஆயர், "உக்காருங்க. ஏன் எடுக்கலைன்னு சொல்லியே ஆகோணும்னு இல்லீங்க. சொல்லத் தோணுனா சொல்லுங்க" என்றார். நான் சொன்னேன். எல்லா ஆயரும் அப்படி இருக்க மாட்டார்கள். சிலர் அவசரமாக ஒரு ஜெபம் செய்து அனுப்பிவிடுவார்கள். அதற்காகத் திருவிருந்தையே விட்டுவிடாதீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பேசத் தொடங்கும் முன்பே, "இது நமக்குள்ள இருக்கோணுமுங்கய்யா" என்று சொல்லி, அவர் சரி என்ற பிறகு பேசுங்கள். ஆயரின் மனைவியோ அவருக்கு உதவும் உபதேசியாரோ கூட இருந்தால் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. சொன்னது அடுத்த வாரம் ஜெபக்குறிப்பாக மைக்கில் வந்த கதைகள் உண்டு. பெண்கள் தனியாகப் போக விரும்பாவிட்டால் நம்பிக்கையான ஒரு அக்காவைக் கூட்டிப்போய், கண்ணுக்கெட்டும் தூரத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

5. ஒரு தாளில் எழுதுங்கள்

எழுத வேண்டியது நீங்கள் செய்த பாவங்களை. இந்த வேலைக்கு ஒரு முழு சாயங்காலம் ஒதுக்குங்கள். சம்பள நாளான சனிக்கிழமை வேண்டாம், அன்று மனம் கணக்கிலேயே இருக்கும்.

'நான் பெரும் பாவி' என்று எழுதுவது வீண். அது யாரையும் தொடாது, உங்களையும் தொடாது. 'கோபக்காரன்' என்பதும் போதாது. 'பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கிணற்றுத் தண்ணீர் முறை விஷயத்தில் அண்ணியைப் பிள்ளைகள் முன்னால் திட்டினேன், இன்னும் பேசவில்லை' என்று எழுதுங்கள். ஆள், காரியம், பணமென்றால் தொகை. எழுதி முடித்ததும் சங்கீதம் 51-ஐச் சத்தமாக வாசியுங்கள். தாளை ஆயரிடம் காட்ட வேண்டியதில்லை. அடுத்த படிக்குத் தேவையானதைக் குறித்துக்கொண்டு எரித்துவிடுங்கள், வீட்டில் வைக்காதீர்கள்.

இரண்டு விஷயங்களை அந்தத் தாளில் எழுதவே கூடாது.

ஒன்று, உங்களுக்கு நேர்ந்த துன்பம். குழந்தையில்லாதது, கணவர் இறந்தது, விசைத்தறி நஷ்டப்பட்டது, நோய் வந்தது. "ஏதோ பாவம் இருக்குதுங்க, அறிக்கை பண்ணுங்க" என்று சபையிலேயே சிலர் சொல்வார்கள். பிறவிக் குருடனைக் காட்டி அதே கேள்வியைக் கேட்ட சீஷர்களுக்கு, இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று இயேசு பதில் சொன்னார் (யோவான் 9:3). அதைச் சொல்லி நகர்ந்துவிடுங்கள்.

இரண்டு, மற்றவர் உங்களுக்குச் செய்த கொடுமை. அடிக்கிற கணவனிடம் திரும்பிப் போனால்தான் மன்னித்ததாக அர்த்தம், அதன் பிறகுதான் பந்தி என்று யார் நெருக்கினாலும் அதற்குக் கட்டுப்படாதீர்கள். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகள் விஷயத்தில் 1098. குற்றம் நடந்திருந்தால் அது போலீசுக்குப் போக வேண்டிய காரியம், ஜெபம் அதற்குப் பதிலாகாது.

நம்மில் பலரை வருடக்கணக்கில் கட்டி வைத்திருப்பது 1 கொரிந்தியர் 11-ல் வரும் 'அபாத்திரமாய்' (தகுதியில்லாமல்) பந்தியில் புசிப்பதைப் பற்றிய எச்சரிக்கை. என்னையும் அதுதான் கட்டி வைத்திருந்தது. அதிகாரத்தை முழுக்க வாசியுங்கள். அங்கே பவுல் கண்டிக்கிறவர்கள், முந்திக்கொண்டு சாப்பிட்டு ஏழைகளைப் பசியோடு நிற்க விட்டவர்கள். 28-ஆம் வசனத்தில் தன்னைத்தானே சோதித்தறிந்த மனுஷனுக்கு அடுத்துக் கொடுக்கப்படுகிற கட்டளை புசிக்கும்படிதான். சோதித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை.

6. திருப்பிக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கத் தொடங்குங்கள்

நம் பக்கத்தில் பாதிப் பாவம் பணத்தில்தான் இருக்கிறது. சீட்டு எடுத்துவிட்டு மீதித் தவணை கட்டாமல் விட்டது, கைமாத்து வாங்கி எண்ணை மாற்றியது, காண்ட்ராக்டில் பீஸ் ரேட்டைக் குறைத்துக் கொடுத்தது.

எனக்குத் தெரிந்த செக்கிங் காண்ட்ராக்டர் ஒருவர் இருக்கிறார். கம்பெனி பீஸுக்குக் கொடுத்ததில் சில பைசாவை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் பெண்களுக்குக் கொடுத்துவந்தார். திருவிருந்துக்குத் திரும்ப நினைத்தபோது பழைய வாரக்கூலி நோட்டை எடுத்துவைத்து, ஒவ்வொரு பெயருக்கும் நேரே சிவப்புப் பேனாவில் வித்தியாசத்தை எழுதினார். லேவியராகமம் 6:5 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது, அதாவது 10,000 என்றால் 12,000. அப்படியே கணக்குப் போட்டு மாதம் இரண்டு பேராகக் கொடுத்தார். ஒரு அம்மா பணத்தை எண்ணாமல் முந்தியில் முடிந்துகொண்டு, "இது எனக்கு அப்பவே தெரியுமுங்க" என்று மட்டும் சொன்னாராம்.

இதில் உள்ள பொறிகளைப் பாருங்கள். திருப்பிக் கொடுக்க வேண்டிய பணத்தைக் காணிக்கைப் பெட்டியில் போட்டால் கணக்குத் தீராது, அது அந்த ஆளுடைய பணம். ஆள் இறந்திருந்தால் வாரிசுக்குக் கொடுங்கள். வாரிசே இல்லாதபோதுதான் அது கர்த்தருக்கென்று போகிறது (எண்ணாகமம் 5:8). பெரிய தொகையென்றால் சாட்சி வைத்து, எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். பழைய தகாத உறவுபோல, நீங்கள் மன்னிப்புக் கேட்டு நின்றாலே அடுத்தவர் குடும்பம் உடையும் என்ற நிலை இருந்தால் போகாதீர்கள், ஆயரிடம் பேசுங்கள்.

முழுத் தொகையும் தீர்ந்த பிறகுதான் பந்தி என்று வைத்தால் சிலர் சாகும்வரை வர முடியாது. வரி வசூலிக்கும் சகேயுவின் கதையில் வரும் வரிசையைக் கவனியுங்கள். இயேசு முதலில் அவன் வீட்டுக்கு வருகிறேன் என்றார், அவன் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டான், அதன் பிறகுதான் நாலத்தனையாகத் திருப்பிச் செலுத்துகிறேன் என்கிற பேச்சே வருகிறது. முதல் தவணையைக் கொடுத்துவிட்டு, அடுத்த தேதியைச் சொல்லிவிட்டு, பந்திக்குப் போங்கள். சண்டைபோட்ட ஆள் சமாதானத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லையா? 'உங்களாலான மட்டும்' என்று ரோமர் 12:18 அளவு வைத்திருக்கிறது. நீங்கள் ஒருமுறை உண்மையாகப் போய் நின்றது போதும்.

7. திருவிருந்து ஞாயிறு

குடியை விட்டவர்கள் முந்திய வாரமே ஆயரிடம் சொல்லுங்கள். பாத்திரத்தில் இருப்பது புளித்த ரசமா, வெறும் திராட்சைச் சாறா என்று கேளுங்கள். அப்பத்தை மட்டும் வாங்கினாலும் உங்கள் திருவிருந்தில் குறைவில்லை. சில சபைகளில் அப்பத்தை ரசத்தில் தோய்த்துக் கொடுப்பார்கள், அதையும் கேட்டுவிடுங்கள்.

பத்து நிமிடம் முன்னதாகப் போய் நடுவரிசையில் ஓரமாக உட்காருங்கள். கடைசி பெஞ்சு வேண்டாம், எழுந்து போகும் பழைய பழக்கம் அங்கேதான் இருக்கிறது. பாவ அறிக்கை ஜெபத்தின்போது சிறிது மௌனம் வரும். நீங்கள் தாளில் எழுதியதை அப்போது மனதில் சொல்லுங்கள். அதையடுத்து ஆயர் சொல்லும் பாவ மன்னிப்பு வார்த்தையை உங்களுக்கென்று காதில் வாங்குங்கள். நான் வருடக்கணக்கில் அறிக்கையை உரக்கச் சொல்லிவிட்டு அந்த வார்த்தையின்போது பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவன்.

பிறகு சமாதானம் பகிர்வது வரும். இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டி ஒருவருக்கொருவர் கொடுக்கும் முறை இது. யார் கையையும் தவிர்க்காதீர்கள். எந்தக் காலனி, எந்த வளவு என்று பார்த்துக் கை நீட்டுகிறவர் பந்திக்கு முன்பே பந்தியை மறுத்துவிடுகிறார். இந்தப் பாவம் நம் சபைகளில் இன்னும் இருக்கிறது, ஐந்தாம் படியில் எழுத வேண்டியவற்றில் இதுவும் ஒன்று.

பந்திக்கு முன் ஆயர் சொல்லும் ஜெபத்தைக் கவனியுங்கள். எங்கள் சொந்த நீதியை நம்பி இந்தப் பந்திக்கு வரவில்லை, உமது இரக்கத்தை நம்பி வருகிறோம் என்பதே அதன் பொருள். தகுதியைப் பற்றி நீங்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குச் சபையே வாய்விட்டுச் சொல்லும் பதில் அது. வரிசை நகரும்போது எழுந்து போங்கள். முழங்காலிட முடியாவிட்டால் நின்று வாங்கலாம். வலது உள்ளங்கையை இடது கைமேல் வைத்து நீட்டினால் போதும். அழுகை வந்தால் வரட்டும், வராவிட்டாலும் எதுவும் குறைந்துவிடவில்லை. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, பசி மட்டும் இருந்தது. நான் வாங்கியது வாங்கியதுதான்.

8. அதற்கடுத்த மாதங்கள்

உங்கள் பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டதா என்று ஒரு மாதம் கழித்துக் கேளுங்கள். மாற்றுக் கடிதம் கொடுத்த நாளைக் குறித்து, ஒரு நகல் வைத்திருங்கள். கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கவும் (திருமண அறிவிப்பை ஆலயத்தில் வாசிப்பது) அடக்கத்துக்கும் இந்தப் பெயர்ச் சேர்க்கை தேவைப்படும்.

வீட்டு ஜெபக்கூட்டத்துக்குக் கூப்பிட்டால் போங்கள். அங்கே முதல் வாரமே "சாட்சி சொல்லுங்க" என்பார்கள். இப்போது வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. சொல்வதென்றால் உங்கள் காரியத்தை மட்டும் சொல்லுங்கள், அதில் சம்பந்தப்பட்ட இன்னொருவர் பெயரோ ஊரோ வரக்கூடாது.

அதே பாவத்தில் மறுபடி விழுந்தால், திரும்பவும் வருடக்கணக்கில் ஒதுங்காதீர்கள். அடுத்த திருவிருந்துக்கு முன் ஐந்தாம் படியை மட்டும் மறுபடி செய்யுங்கள், ஆயரிடம் பேசியிருந்தால் அவருக்கு ஒரு போன் போடுங்கள். குடி, சூதாட்டம் மாதிரிப் பழக்கமாக இருந்தால் கூடவே மருத்துவ உதவியும் தேடுங்கள். அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் காசு கேட்பதில்லை, திங்கட்கிழமை கூட்டம் அதிகம் இருக்கும், வேறு நாளில் போங்கள்.